கீரை டீச்சரின் விண்ணப்பம்

எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை வெளியே இருக்கும் விவசாயிகளுக்கும் குடிசைப் பகுதிப் பெண்களுக்கும் கொண்டுபோய்ச் சொல்லும் வேலை. போன வாரம் அவள் தன் தொலைபேசியை என் மூக்கருகே நீட்டினாள். அவளைப் போன்ற கல்வியாளர்களுக்கான பயிற்சிகள், மாநாடுகள், உதவித்தொகைகள் என்று நீளமான ஒரு பட்டியல். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். பணிவிதிகள் தெரிந்தவன் என்று எனக்குக் கட்டடத்தில் ஒரு பெயர் உண்டு. சொசைட்டிக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும்.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். யார் வழியாக அனுப்ப வேண்டும்? போய்த் திரும்பும்வரை உன் இடம் உனக்கே என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இவ்வளவு வாய்ப்பை இவர்கள் எதற்காகத் தருகிறார்கள்?

"அங்கிள், இதுல லஃப்டா, வம்பு ஒண்ணும் இல்ல. க்ளிக் பண்ணா போயிடும்" என்றாள். சொன்னபடி ஒன்றை அழுத்தினாள். போய்விட்டது. எங்கே போனது, எந்தப் பதிவேட்டில் ஏறியது, யார் மேசையில் கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாசனைகூட வரவில்லை.

விண்ணப்பம் என்றால் எனக்கு மைதாப் பசை வாசனை. எங்கள் அலுவலகத்துப் பியூன் திங்கட்கிழமை தோறும் ஸ்டவ்வில் மைதாவைக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மேசைக்கு மேசை வைப்பான். துத்தம் கலந்த விஷயம் அலுவலகத்துக் கரப்பான்பூச்சிகளுக்குத் தெரிந்திருந்தது. உறையை நாக்கால் நனைத்து ஒட்டும் புதுக் குமாஸ்தாக்களுக்குத்தான் தெரியாது. நானும் ஒரு வாரம் அப்படி ஒட்டியவன். வயிறு கலங்கிய பிறகுதான் எதையும் விசாரிக்காமல் வாயில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுவிட்டேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசி ரேஷனில் வந்த காலம். வந்த அரிசியில் பாதி கல், மீதியும் அரிசிதானா என்று சந்தேகம். அந்த நாளில் ஒரு வேளாண்மைக் கல்லூரி பம்பாய்க்குள் ஒரு நகரக் கிளை தொடங்கியது. கல்லூரி இருந்தது மலைத்தொடருக்கு அப்பால். பட்டணத்து ஜனங்கள் ஜன்னலிலும் சந்திலும் காய்கறி விளைவித்துக்கொண்டால் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று மேலே யாரோ நம்பியிருக்க வேண்டும். மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு சந்தில், தமிழ்க் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். செம்பூரில் அரை ஏக்கரில் ஒரு மாதிரித் தோட்டம். அலுவலகத்தில் மண்ணெண்ணெயும் அச்சு மையும் மைதாப் பசையும் மணக்கும். பயிர்ப் பச்சை மட்டும் மணக்காது.

கிளைக்குத் தலைவர் ஆப்தே சாஹேப். மண்ணியல் படித்தவர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. களத்தில் வேலை செய்யும் டீச்சர்கள் இரண்டு பேர். ஒருவர் மராத்திக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொண்டார். தாராவியும் ஆண்டாப் ஹில்லும் வடாலாவும் செல்லத்தாய் என்பவருக்கு. நான் பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் குமாஸ்தா. விடுப்பு, பணிப்பதிவேடு, விண்ணப்பம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். இருபத்தேழு வயதில் பணிவிதிப் புத்தகத்தைப் பக்க எண்ணோடு சொல்வேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட விடுப்பு விதியைப் பற்றிப் பேசினேன் என்று என் மனைவி இன்றும் வருகிறவர்களிடம் சொல்வாள்.

செல்லத்தாய் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் பள்ளிப் படிப்பும், அதற்கு மேல் ஏதோ ஒரு மனையியல் சான்றிதழும் வாங்கியவர். கணவர் வடாலாவில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை. காலையில் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, விதைப் பொட்டலங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தாராவியில் அவருக்குக் கீரை டீச்சர் என்று பெயர்.

அங்கே கீரை போட நிலம் ஏது? குயவர்கள் குடியிருப்பில் சூளையில் வெடித்த பானைகளைச் சும்மா கொடுப்பார்கள். அதையும் வனஸ்பதி டப்பாக்களையும் வாங்கி வந்து, ஓட்டை போட்டு, மண் நிரப்பி, தண்டுக்கீரையும் வெந்தயமும் தூவச் சொல்வார். தண்ணீர் என்பது அங்கே வரிசையில் நின்று சண்டை போட்டு வாங்கும் பொருள். குடிக்கவே இல்லாதபோது கீரைக்கு எங்கே போவது என்று பெண்கள் கேட்டதற்கு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றச் சொன்னார். கல்லூரியின் எந்தக் கையேட்டிலும் அது இல்லை. ஆப்தே அதைக் கேட்டுவிட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பேசாத மனிதர் எதற்குக் குறித்துக்கொள்கிறார் என்று நானும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்த இயக்கத்துக்கு என் பங்களிப்பும் ஒன்று உண்டு. கல்லூரியின் துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்கம் செய்தவன் நான். 'சமச்சீர் உணவில் இலைவகைக் காய்கறிகளின் இன்றியமையாமை' என்று தலைப்பு வைத்தேன். கீழே அச்சகத்திலேயே ரோஜா நிறத் தாளில் அடித்தோம். கல்யாணப் பத்திரிகையில் மிச்சமான தாள். செல்லத்தாய் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார். வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வாசிப்பாங்க" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்ததா என்று எனக்கு இரண்டு நாள் சந்தேகம்.

இப்படி இருக்கும்போது தலைமைக் கல்லூரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவாக்கக் கல்வியாளர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சி. வகுப்பு நடத்தும் முறை, மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் முறை, ஊட்டச்சத்து. எங்கள் கிளைக்கு ஓர் இடம். விண்ணப்பிப்பவருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. செல்லத்தாய்க்கு அந்த வருஷக் கடைசியில் முப்பத்தைந்து முடிகிறது. பணிப்பதிவேடு என் அலமாரியில்தானே இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தற்காலிகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வேலைக்கு நீட்டிப்பு வாங்க வேண்டும். அந்தப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் நிரந்தரம். ஆக, அவருக்கு இது முதல் வாய்ப்பு, அதுவே கடைசி வாய்ப்பு.

மறுநாளே விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வீட்டில் சம்மதமா என்று கேட்டேன். ஒன்பது மாதம் நானே பொங்கிக்கொள்கிறேன், நீ போய்ப் படித்துவிட்டு வா என்று கணவர் சொன்னதாகச் சொன்னார். ஒரு பட்டறைக்காரர் இவ்வளவு லேசில் சம்மதித்தது எனக்கு அதிசயமாகவே இருந்தது. அதிசயமானவை எல்லாம் என் கணக்கில் சந்தேகத்துக்கு உரியவை.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. சுற்றறிக்கையின் கடைசியில், தட்டச்சு மை கொஞ்சம் மாறி, பிறகு சேர்த்தது போல ஒரு வரி இருந்தது. 'பயிற்சிக் காலத்தில் பணியாளரின் இடம் வேறொருவரைக் கொண்டு நிரப்பப்படும்.'

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிரந்தரப் பணியாளர் வெளியே போனால் திரும்பி வரும்வரை அவருடைய இடம் அவருக்கே என்று விதி உண்டு. தற்காலிகப் பணியாளருக்கு அந்த விதி கிடையாது. போனால் போனதுதான். அப்படியானால் செல்லத்தாயைப் படிக்க அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் யாரை உட்காரவைக்கப் போகிறார்கள்? ஆப்தேயின் மைத்துனர் மகன் ஒருவன், டெரிலின் சட்டை போட்டவன், அந்த மாதம் மூன்று முறை அலுவலகத்துக்கு வந்து போயிருந்தான். சிரிக்காத ஆப்தே அந்த வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. புள்ளிகளை இணைத்துக் கோலத்தை முடித்துவிட்டேன்.

செல்லத்தாயிடம் விஷயத்தைப் பாதி சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார்.

"சார், அட்வான்ஸ் காப்பின்னு ஒண்ணு நேரா அனுப்பலாமாமே? மராத்தி டீச்சர் சொன்னாங்க. அதப் போட்டுரட்டுமா?"

அட்வான்ஸ் காப்பி என்றால் இந்தக் காலத்துக்காரர்களுக்குப் புரியாது. விண்ணப்பம் மேலதிகாரிகள் வழியாகப் படியேறித்தான் போக வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு படியில் அது தூங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு நகலை முன்கூட்டியே நேராக அனுப்பிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அரசாங்கத்துக்குத் தன் மேலேயே இருந்த சந்தேகத்துக்கு அரசாங்கமே வைத்த பெயர் அது.

"வேண்டாம்" என்றேன். "அதை அனுப்பினா அந்தக் கடைசி வரிக்கும் நீங்க சம்மதிச்ச மாதிரி ஆயிடும். இதுல என்னமோ சூது இருக்கு. நான் பாத்துக்கறேன், நீங்க பேசாம இருங்கோ."

"நீங்க சொன்னாச் சரி சார்" என்றார். துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டேன். குறிப்புத்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தற்காலிகப் பணியாளர் பயிற்சி முடிந்து திரும்பும்போது அவரது இடம் அவருக்கே உண்டா, நிரப்பப்படும் என்ற சொல்லின் பொருள் யாது, விளக்கம் வரும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டுக் கல்லூரித் தலைமைக்குப் போட்டேன். ஆப்தே அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டால் குமாஸ்தாவை நம்புகிறார் என்று அர்த்தம். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. படிக்காததுபோல் நடிக்கிறார் என்றுதான் தோன்றியது.

'விளக்கத்தை எதிர்பார்த்து' என்று மேலே குறித்து விண்ணப்பத்தை அனுப்பியிருக்கலாம். அதற்கும் இடம் உண்டு, எனக்கும் தெரியும். அனுப்பவில்லை. இடதுபக்க இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என் சந்தேகத்துக்கு ஆளான காகிதங்கள் அங்கேதான் ஊறும். ஊறினால் உண்மை மேலே மிதக்கும் என்பது என் அனுபவம்.

கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பத்தாம் நாள் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். பதினைந்தாம் நாள் இன்னொன்று. செல்லத்தாய் காலையில் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். வாயால் ஒன்றும் கேட்கமாட்டார். நான் கையை லேசாகத் தூக்கிப் பொறுங்கள் என்று காட்டுவேன். அந்த நாட்களில் நான் ஒரு பெண்ணின் வேலையைத் தன்னந்தனியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ரயிலில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாலும் அந்த நினைப்பிலேயே இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கடைசி நாளும் வந்தது, போனது. விளக்கம் வரவில்லை. தலைமைக் கல்லூரியும் இந்தச் சூதில் பங்கு என்று முடிவு கட்டினேன்.

இரண்டு நாள் கழித்து விளக்கம் வந்தது. நான்கு வரி. பயிற்சி முடிந்து திரும்பும் பணியாளருக்கு அவருடைய இடமே தரப்படும், இது சிறப்பு ஏற்பாடாகக் கல்லூரி முதல்வரால் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது, கிளைத் தலைவருக்கு இது தெரியுமே, அவரைக் கேட்டிருக்கலாமே.

அதே வாரம் ஆப்தே என்னை உள்ளே அழைத்தார். தெற்கிலிருந்து வந்த கடிதம் அவர் மேசையில் இருந்தது. உங்கள் கிளையிலிருந்து யாரும் விண்ணப்பிக்காததால் அந்த இடம் ரத்தாகிறது என்று இருந்தது. யாரும் விண்ணப்பிக்காததால். மைத்துனர் மகன் விண்ணப்பிக்கவில்லை. அவன் ஏதோ ஒரு மில்லில் நல்ல வேலையில் இருந்தான். அத்தைக்கு உடம்பு சரியில்லாத மாதத்தில் மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

ஆப்தே கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார். அந்த ஓரிடத்தைக் கேட்டு வாங்கியதே செல்லத்தாய்க்காகத்தான் என்றார். அரிசி களைந்த தண்ணீர் விஷயத்தை எழுதி முதல்வரிடம் வாதாடினாராம். அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். செல்லத்தாய் இல்லாத ஒன்பது மாதமும் தாராவி வகுப்பு நின்றுபோகக் கூடாது, தற்காலிகமாக யாராவது வேண்டும் என்பதற்காக. பரிந்துரைக் கடிதத்தைத் தனியாக அனுப்பிவிட்டு, விண்ணப்பம் முன்பே போயிருக்கும் என்று இருந்துவிட்டார்.

தந்தி அடிக்கலாம் என்றேன். அடித்தோம். பட்டியல் மூடப்பட்டது என்று பதில் தந்தி வந்தது.

கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். கோப்பின்படி நான் குற்றமற்றவன். கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்டிருந்தேன், நினைவூட்டியிருந்தேன், தாமதம் முழுவதும் மேலிடத்தினுடையது. எந்த ஆய்வாளர் படித்தாலும் என்னைப் பாராட்டுவார். ஆப்தே கோப்பைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் படிவம் எதுவும் கிடையாது.

அன்று மத்தியானம் சயான் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன். கிளை தொடங்கி இரண்டு வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா களத்துக்குப் போக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தோல் ஊறும் வாசனை கையைப் பிடித்துக் கூட்டிப் போனது. சுண்ணாம்பும் அழுகலும் கடுக்காயும் கலந்த வாசனை. தோல் பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஒரு திறந்த சாக்கடையில் ஓடியது. அதன் நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை.

ஒரு சந்தில் ஏழெட்டுப் பெண்கள் கவிழ்த்த டப்பாக்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்லத்தாய். சுவரோரமாக வெடித்த பானைகளில் கீரை இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார ஒரு டப்பாவைத் தள்ளிப் போட்டார்.

"யாரு டீச்சர் இந்த வெள்ளச் சட்ட? ரேஷன் ஆபீசரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏட்டி, நம்ம நோட்டீசு எழுதுத சார்" என்றார் செல்லத்தாய்.

"அந்த ரோசாக் கலர் நோட்டீசா? அதுலதான நான் புளி மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மாள் என்ற பெண் முந்தானையிலிருந்து ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியை எடுத்துத் தரையில் வைத்தாள். அவளுடைய கணவன் தோல் பட்டறையில் ஊறவைக்கும் தொட்டியில் வேலை பார்ப்பவன். சாக்கடைக் கரையில் அந்தக் கீரை யாரும் நடாமலே தளதளவென்று வளர்ந்திருந்தது. அவளும் ரொம்ப நாளாகப் பறித்துச் சமைக்கிறாள். மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி.

"போன மாசமும் கேட்டேன். பட்டறத் தண்ணியில மொளைக்கத வாயில வைக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு டீச்சர்."

"தெரியலக்கா" என்றார் செல்லத்தாய். "தெரியாம ஒண்ணு சொல்ல மாட்டேன். ஆடியில படிக்கப் போறேன்லா, மண்ணு தண்ணியெல்லாம் சோதிச்சுப் பாக்கச் சொல்லித் தருவாங்க. வந்து மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."

எனக்கு அந்த டப்பாவின் விளிம்பு குத்தியது. எழுந்துகொண்டேன். ஒரு நிமிஷம் வாருங்கள் என்று அவரைக் குழாயடிப் பக்கம் அழைத்துப் போனேன்.

சொன்னேன். முதலில் கோப்பில் இருப்பதுபோலச் சொன்னேன், விளக்கம் தாமதமாக வந்தது என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன். குறித்து அனுப்பியிருக்கலாம் என்பதையும், எனக்கு அது தெரியும் என்பதையும் சொன்னேன். உங்கள் இடம் போய்விடுமே என்றுதான் செய்தேன் என்றேன்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் அல்ல. ஆனாலும் வரிசையில் குடங்கள் இருந்தன. அவர் வரிசை தப்பிக் கிடந்த ஒரு குடத்தை நேராக நகர்த்தி வைத்தார்.

"எடம் போனாப் போயிருக்கும் சார்" என்றார். "படிச்சிருப்பேன்லா."

ஒன்றரைப் பக்கக் குறிப்பில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். இடம் போனாலும் பரவாயில்லையா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

நான் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அவங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க சார். நான் போய்ச் சொன்னா சாக்குச் சொல்லுதேன்னு நெனைப்பாங்க."

திரும்பிப் போய் அந்தப் பெண்கள் முன்னால் நின்றேன். டீச்சர் படிக்கப் போகவில்லை, காகிதத்தை நேரத்துக்கு அனுப்பாதது என் தவறு என்றேன். துண்டுப் பிரசுரத்தின் தமிழ்தான் என் வாயில் வந்தது. பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. பேச்சியம்மாளுக்குப் புரிந்தது.

"அப்பச் சரி. நீங்கதான் படிச்சவரு, நீங்க சொல்லுங்க. இதத் திங்கலாமா, கூடாதா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"டீச்சரும் தெரியாதுங்கா. நீங்களும் தெரியாதுங்கிய. பெறவு யாரத்தாங் கேக்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யாரைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாருக்கு எழுத வேண்டும், எந்த வழியாக எழுத வேண்டும் என்று எதைப் பற்றியும் சொல்லக்கூடிய நான், அதற்கு ஒரு முகவரி சொல்ல முடியாமல் நின்றேன். கல்லூரியில் மண் சோதனைச்சாலை இருந்தது, ஆப்தேயே மண்ணியல் படித்தவர், இதெல்லாம் சயான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஆப்தேயிடம் சொன்னேன். அவர் ஒரு புட்டியில் அந்தத் தண்ணீரையும் ஒரு பொட்டலத்தில் மண்ணையும் எடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். புட்டி உடைந்த நிலையில் வந்து சேர்ந்தது, மீண்டும் முறைப்படி அனுப்பவும் என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் புட்டி அனுப்பினோம். அதற்குப் பதில் வந்ததாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

செல்லத்தாய் அதற்குப் பிறகும் காலையில் வந்து கையெழுத்துப் போட்டார். என்னோடு பேசவும் செய்தார். என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது மட்டும் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் எங்கள் கிளைக்கு மறுபடியும் ஒரு பயிற்சி இடம் வந்தது. களப் பணியாளர்களுக்கு அல்ல, அலுவலக நடைமுறைப் பயிற்சி. வயது வரம்பு கிடையாது. போனவன் நான். முதல் வகுப்பில் தேறினேன். சான்றிதழ் வீட்டில் எங்கோ இருக்கிறது.

இரண்டு மூன்று வருஷத்தில் நல்ல மழை பெய்தது, ரேஷன் கொஞ்சம் தளர்ந்தது, நகரத்தில் கீரை போடுவதில் மேலிடத்துக்கு இருந்த நம்பிக்கையும் தளர்ந்தது. கிளையை மூடினார்கள். நிரந்தரப் பணியாளர்களைத் தலைமைக்கு மாற்றினார்கள். தற்காலிகப் பணியாளர்களை ஒரு மாத முன்னறிவிப்போடு விடுவித்தார்கள். செல்லத்தாயின் விடுவிப்பு ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். அதில் ஒரு பிழை கிடையாது. அவர் ஆண்டாப் ஹில்லில் ஒரு பால்வாடியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

செம்பூர் மாதிரித் தோட்டத்தில் இப்போது எட்டு மாடி. மாதுங்கா அச்சகம் இருந்த இடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. ஆப்தே போய்ப் பல காலம் ஆகிறது. தாராவியிலிருந்து தோல் ஊறவைக்கும் பட்டறைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தச் சாக்கடை மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அதன் மேல் வண்டிகள் போகின்றன. சந்தில் டப்பாக்களைக் கவிழ்த்து உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சந்தில் இன்று இருக்க வழியில்லை. சோதிக்க மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, கேட்கிறவளும் இல்லை, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்றவரும் இல்லை. பேச்சியம்மாள் அன்று தரையில் வைத்த கட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாளா, அங்கேயே போட்டுவிட்டுப் போனாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் குனிந்தாளா என்று திரும்பிப் பார்க்காமலே நான் சந்தைத் தாண்டியிருந்தேன்.